குடலில் குடியிருப்பவர்களும் என் இதயமும்

மாரடைப்பு வந்த அன்று காலையில் நான்கு முட்டை ஆம்லெட்டும் ஒரு கிண்ணம் ஆட்டு ஈரலும் சாப்பிட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனேன். இட்லி, தோசை, சோறு எதையும் தொட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதைப் பெருமையாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். என் பேச்சைக் கேட்டு அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் சோற்றை விட்டிருந்தார்கள். இப்போது உடம்பு தேறிவிட்டது. தினமும் நாற்பது நிமிஷம் நடக்கிறேன். நடந்ததை ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது, முக்கியமாக அந்த அறுபது பேருக்காக.

என் பெயர் அருள்தாஸ். வயது நாற்பத்தொன்பது. மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். மாணவர்கள் முன்னால் குதித்தும் ஓடியும் காட்ட வேண்டிய வேலை. ஆனால் நாற்பத்தாறு வயதில் தொண்ணூற்று நான்கு கிலோவுக்கு வந்துவிட்டேன். விசில் ஊதினாலே மூச்சு வாங்கியது. அந்தச் சமயத்தில்தான் ஒரு நண்பர் அனுப்பிய வீடியோவில் அந்த உணவுமுறையைப் பார்த்தேன். மாவுச்சத்தை அறவே ஒதுக்க வேண்டும். அரிசி, கோதுமை, பருப்பு, பயறு, கிழங்கு, பழம் எதுவும் கூடாது. கறி, முட்டை, நெய், வெண்ணெய், தேங்காய் இவற்றை வயிறு நிறையச் சாப்பிடலாம். எட்டு மாதத்தில் இருபத்தோரு கிலோ குறைந்தேன். பழைய சட்டைகளை என் மனைவி ஸ்டெல்லா மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டாள்.

"என்ன சார் பண்ணுனீங்க?" என்று முதலில் கேட்டவர்கள் சக ஆசிரியர்கள். பிறகு பெற்றோர்கள், மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வருகிறவர்கள். நான் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். தினமும் காலையில் என் தட்டைப் படம் பிடித்துப் போடுவேன். அவரவர் தட்டைப் படம் பிடித்து அவர்களும் போடுவார்கள். யாராவது சாம்பாரில் இரண்டு கரண்டி பருப்பு சாப்பிட்டதாக ஒப்புக்கொண்டால் கண்டிப்பேன். ஸ்டெல்லாவின் தம்பி தாமஸும் அந்தக் குழுவில் இருந்தான். வாடிப்பட்டியில் தென்னைநார்க் கயிறு திரிக்கும் பட்டறை வைத்திருக்கிறான். வயது நாற்பத்துநான்கு. அறுபது பேரில் என் பேச்சை அட்சரம் பிசகாமல் கேட்டவன் அவன்தான்.

அன்று ஆண்டு விளையாட்டு விழாவுக்கான ஒத்திகை. குண்டு எறிவது எப்படி என்று ஒன்பதாம் வகுப்புக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவை எறிந்ததும் கீழ்த்தாடை இரண்டு பக்கமும் வலித்தது. பல்வலி போல ஒரு கடுப்பு. பிறகு இடது தோள். குண்டைத் தப்பாகப் பிடித்துச் சதை பிசகிவிட்டது என்றுதான் நினைத்தேன். மைதானத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். வெயிலில் வியர்ப்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் அந்த வியர்வை சில்லென்று இருந்தது.

கணக்கு டீச்சர் அந்த வழியாகப் போனவர் நின்று பார்த்தார்.

"சார், ஒங்க மொகம் ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கு?"

"தோள் பிடிச்சிருக்கு டீச்சர். தைலம் தேச்சா சரியாயிரும்."

"தைலமாவது ஒண்ணாவது! எந்திரிங்க. வண்டியக் கொண்டாறேன்."

அவர் அன்று என் பேச்சைக் கேட்டிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். எனக்கு மாரடைப்பு வராது என்று நான் அம்புட்டு உறுதியாக நம்பினேன். மருத்துவமனை வாசலில் இறங்கும்போதுகூட, "எடை எழுபத்து மூணுதான் சார், சுகர் கிடையாது, பிரஷர் கிடையாது" என்று அவசர சிகிச்சைப் பிரிவு டாக்டரிடம் சொல்லிக்கொண்டே படுத்தேன். அந்த இளைஞர் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார். இதயம் துடிக்கும்போது உண்டாகும் மின்னோட்டத்தைக் கோடாக வரைந்து காட்டும் தாள் அது. அதைப் பார்த்த மாத்திரத்தில் அவருடைய நடை மாறியது. கையில் இருந்த பேனாவைக்கூட மூடாமல் வெளியே ஓடினார். எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

அரைமணி நேரத்தில் என்னைச் சுற்றி ஆறு பேர். மெல்லச் சொல்லி ஒரு மாத்திரை, விழுங்கச் சொல்லி நான்கு மாத்திரை, கையில் ஊசி. இதய நிபுணர் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, அவசரமில்லாத குரலில் சொன்னார்:

"சார், இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் ஒண்ணு அடைச்சிருக்கு. மணிக்கட்டு வழியா மெல்லிசா ஒரு ஒயர் விட்டு எங்க அடைச்சிருக்குன்னு பாக்கப் போறோம். அதுக்குப் பேர் ஆஞ்சியோகிராம். அங்கேயே அடைப்பைத் திறந்து, திரும்பவும் மூடிக்காம இருக்கக் கம்பி வலை ஒண்ணு வச்சுருவோம். அதுதான் ஸ்டென்ட். ஒங்க வீட்டம்மா வந்துட்டாங்க. கையெழுத்துப் போட்டுட்டாங்க."

என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் தொடக்கப்பள்ளி ஆசிரியை. வகுப்பிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். விரல்களில் சாக்பீஸ் தூள். என் கன்னத்தில் கை வைத்தாள்.  பிறகு டாக்டரிடம் கேட்டாள். "பொழைச்சுக்குவாருல்ல?"

"சரியான நேரத்துக்குக் கொண்டாந்துட்டாங்க. பாத்துக்கிறோம்மா."

உள்ளே குளிர். மயக்க மருந்து தரவில்லை, மணிக்கட்டை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். தலைக்குப் பக்கத்தில் ஒரு திரை. அதில் என் இதயம் சாம்பல் நிறத்தில் துடித்தது. மருந்து பாய்ந்ததும் ரத்தக் குழாய்கள் கறுப்பு வேர்கள் போலத் தெரிந்தன. ஒரு வேர் பாதியில் வெட்டியது போல நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அந்த இடத்தைத் தாண்டிக் கறுப்பு சரசரவென்று ஓடி, நுனி வரைக்கும் பரவியது. அந்த நொடியில் தாடை வலி நின்றது. யாரோ கையால் பிடித்திருந்ததை விட்டது போல நின்றது. நான் சத்தமாக அழுதேன். "அவ்வளவுதான் சார், முடிஞ்சிருச்சு" என்று ஒரு நர்ஸ் என் நெற்றியைத் துடைத்துவிட்டார்.

மறுநாள் காலை தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த அதே பெண் டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவை வைத்துக்கொண்டு நின்றார். கட்டிலின் மறுபக்கம் ஸ்டெல்லா நின்றாள். எல்.டி.எல். என்பது கொழுப்பை ரத்தக் குழாய்ச் சுவர்களில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. கெட்ட கொழுப்பு என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அது இருநூற்று நாற்பத்தெட்டு. நூற்றுக்குக் கீழே இருந்தால் நல்லது.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது டெஸ்ட் எடுத்திருக்கீங்களா சார்?"

"இல்ல டாக்டர்" என்றேன்.

பொய். ஒரு வருஷத்துக்கு முன்னால் எடுத்திருந்தேன். அப்போதும் இருநூற்றைத் தாண்டித்தான் இருந்தது. இந்த உணவுமுறைக்காரர்கள் பேசும் வீடியோக்களில் அதற்கும் பதில் இருந்தது: கொழுப்பு கரைந்து வெளியேறுகிறது, எண்ணைப் பார்த்துப் பயப்படாதே. அந்தப் பதில் எனக்கு வசதியாக இருந்தது. ரிப்போர்ட்டை மடித்துப் பள்ளி அலமாரியில் வருகைப் பதிவேடுகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். ஸ்டெல்லாவுக்குச் சொல்லவில்லை.

"அப்பாவுக்கு இந்த மாதிரி ஏதாவது?"

"ஐம்பத்திரண்டு வயசுல இறந்துட்டாரு. திடீர்னு."

டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் என்னைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். இரண்டு பேர் அறை. பக்கத்துக் கட்டிலில் சிதம்பரம் என்கிற பெரியவர். கொட்டாம்பட்டிப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அவருக்கும் எனக்கு வந்ததேதான், என்னைவிட இரண்டு நாள் முன்னால். படுத்துக்கொண்டே என்னை விசாரித்தார். நான் முட்டைக் கதையைச் சொன்னதும் அவருக்கு ஒரே ஆச்சரியம்.

"தம்பி, நான் சுத்த சைவம். பொறந்ததுலருந்து முட்டையக் கையால தொட்டதில்ல. நீங்க முட்டையாத் தின்னு படுத்திருக்கீங்க, நான் தின்னாமப் படுத்திருக்கேன். ரெண்டு பேருக்கும் ஒரே கம்பிதான் வச்சிருக்காங்க. இதுக்கு என்ன சொல்றீங்க?"

 அதற்குப் பதில் சொன்னவர் அன்று மத்தியானம் வந்த உணவு ஆலோசகர் முத்துலட்சுமி. பேரையூர்ப் பக்கத்துப் பெண், இருபத்தெட்டு வயதுக்கு மேல் இருக்காது. கையில் ஒரு நோட்டு. என்ன சாப்பிடக் கூடாது என்று ஒரு பட்டியலை நீட்டிவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு வருஷமாக நான் என்னென்ன சாப்பிட்டேன் என்று ஒவ்வொரு வேளையாகக் கேட்டு எழுதினார்.

"சார், ஒங்களுக்காகச் சாப்பிட்டிருக்கீங்க. ஒங்க குடலுக்குள்ள இருக்கிறதுகளுக்கு ரெண்டு வருஷமா ஒண்ணுமே போடலையே" என்றார்.

"யாருக்கு?"

"பாக்டீரியாவுக்கு."

அவர் சொன்னதை, எனக்குப் புரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன். நம் பெருங்குடலில் எண்ண முடியாத அளவுக்கு நுண்ணுயிரிகள் குடியிருக்கின்றன. நமக்குச் செரிக்காமல் மிஞ்சுவதுதான் அவற்றுக்குச் சாப்பாடு. அப்படி மிஞ்சுவது நார்ச்சத்து. பருப்பு, பயறு, கீரை, காய், பழம், தவிடு நீக்காத தானியம் இவற்றில் இருப்பது. அதைத் தின்று அவை சிறிய கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. அந்த அமிலங்கள் குடலின் உள்சுவருக்கு உணவாகின்றன. உடம்பில் கனன்றுகொண்டிருக்கும் அழற்சியைத் தணிக்கவும், கொழுப்பின் அளவைக் கொஞ்சம் மட்டுப்படுத்தவும் உதவுவதாகச் சொல்கிறார்கள்.

நாரே கொடுக்காமல் கறியும் முட்டையுமாகவே கொடுத்தால், அந்தக் கூட்டத்தில் வேறு வகையினருக்குக் கை ஓங்கிவிடும். ஆட்டுக்கறி, மாட்டுக்கறியில் கார்னிடின் என்று ஒரு சத்து. முட்டை மஞ்சள் கருவிலும் ஈரலிலும் கோலின் என்று ஒரு சத்து. இரண்டுமே கெட்டவை அல்ல, உடம்புக்கு வேண்டியவைதான். ஆனால் அளவு மீறிக் குடலுக்குள் போனால், சில பாக்டீரியாக்கள் அவற்றை உடைத்து ஒரு வாயுவை உண்டாக்குகின்றன. கெட்டுப்போன மீனில் அடிக்கும் வாடைக்குக் காரணமான அதே பொருள். ரத்தத்தில் கலந்து அது கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதை டி.எம்.ஏ.ஓ. என்கிற வேறொரு பொருளாக மாற்றுகிறது. ரத்தத்தில் அது அதிகமாக இருப்பவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வருவதாகப் பார்த்திருக்கிறார்கள். குழாய்ச் சுவரில் கொழுப்பு படியவும், ரத்தம் சட்டென்று உறையவும் அது துணைபோகலாம் என்பது சந்தேகம்.

"சந்தேகமா? அப்ப நிச்சயமில்லையா?" என்று பிடித்துக்கொண்டேன். இரண்டு வருஷம் மற்றவர்களோடு வாதாடிய நாக்கு அல்லவா.

"இன்னும் ஆராய்ச்சி நடந்துக்கிட்டுத்தான் இருக்கு சார். மீன்லயே அந்தப் பொருள் நெறைய இருக்கு, ஆனா மீன் சாப்பிடுறவங்க இதயம் நல்லாத்தான் இருக்கு. அது ஏன்னு இன்னும் முழுசாப் புரியல. கிட்னி சரியா வேலை செய்யலைன்னாலும் அந்த அளவு ஏறும். அதனால, அது ஒண்ணாலதான் ஒங்களுக்கு வந்துச்சுன்னு நான் சொன்னா அது பொய். ஆனா நெய்யும் வெண்ணெயும் ஒங்க எல்.டி.எல்ல ஏத்திருச்சுங்கிறதுல டாக்டருக்குச் சந்தேகம் இல்ல."

"அந்த டி.எம்.ஏ.ஓ.வை எனக்கு டெஸ்ட் பண்ணிப் பாக்கலாமா?"

"பாத்து என்ன சார் செய்யப் போறோம்? கூட இருந்தாலும் கொறஞ்சு இருந்தாலும் நான் சொல்லப் போறது ஒண்ணுதான். பயறு சாப்பிடுங்க, காய் சாப்பிடுங்க, நெய்யக் கொறைங்க."

சிதம்பரம் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "தாயி, எனக்குச் சொல்லு. நான்தான் முட்டையே தொடலையே?"

முத்துலட்சுமி அவர் பக்கம் திரும்பினார். அவரையும் ஒவ்வொரு வேளையாக விசாரித்தார். கடையில் உட்கார்ந்தபடி நாளுக்கு எட்டு டீ, எல்லாவற்றிலும் சர்க்கரை. பசிக்கும்போதெல்லாம் டப்பாவில் கைவிட்டு மிக்சர். சாயங்காலம் எதிர்க்கடை வடை. மூன்று வேளையும் தீட்டின வெள்ளை அரிசி. காய் என்றால் உருளைக்கிழங்கு வறுவல். பதினைந்து வருஷமாகச் சர்க்கரை நோய், அதற்கு மாத்திரை ஞாபகம் வந்தால்.

"அண்ணே, கடை நெறையப் பயறும் பருப்பும் வச்சிருக்கீங்க. அம்புட்டையும் வித்துட்டு நீங்க மிக்சரத் தின்னுருக்கீங்க. சைவம்னு பேருதான். ஒங்க குடலும் பட்டினிதான்."

அவர் "நல்லாத்தான் கேக்குற" என்று முனகிக்கொண்டு போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் நெஞ்சில் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து பாதியில் நிறுத்தினேன்.

அந்த நிம்மதி சாயங்காலம் வரைக்கும்தான்.

ஆறு மணிக்குத் தாமஸ் வந்தான். பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தான், சட்டையில் தென்னைநார்த் தும்பு ஒட்டியிருந்தது. கையில் ஒரு பெரிய பிளாஸ்க். "மச்சான், நெஞ்செலும்பு சூப்பு. இங்க இவங்க குடுக்கிற ஓட்ஸ் கஞ்சியெல்லாம் குடிச்சு ஒடம்பக் கெடுத்துக்கிறாதீங்க" என்று ஸ்டூலில் வைத்தான். ஸ்டெல்லா அப்போது என் மாத்திரைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"சூப்பை எடுத்துட்டுப் போ தாமஸ். டாக்டர் வேணாம்னுட்டாங்க" என்றாள்.

"டாக்டருங்க அப்படித்தான்க்கா சொல்வாங்க. கொலஸ்ட்ரால்னு ஒரு நம்பரக் காட்டிப் பயமுறுத்துவாங்க. எனக்கும்தான் நாலு மாசத்துக்கு முன்னாடி இருநூத்தி அறுபது வந்துச்சு. நான் பயந்துட்டு மச்சானுக்கு ரிப்போர்ட்ட அனுப்புனேன். பயப்படாத மாப்ள, அது நல்ல அறிகுறி, எனக்கும் அப்படித்தான் இருக்குன்னாரு. நான் பாட்டுக்கு வேலையப் பாத்துக்கிட்டு இருக்கேன், இந்தா, குத்துக்கல்லாட்டம்."

அவன் வெகுளியாகத்தான் சொன்னான். எனக்குத் துணையாகப் பேசுவதாக நினைத்துச் சொன்னான்.

ஸ்டெல்லாவின் கையில் இருந்த மாத்திரை அட்டை அசையாமல் நின்றது.

"நீங்க அப்படிச் சொன்னீங்களா?"

"ஆமா" என்றேன்.

"ஒங்களுக்கும் முன்னாடியே கூடியிருந்துச்சா?"

"இருந்துச்சு."

"டாக்டர் கேட்டப்ப நான் பக்கத்துலதான நின்னேன்? இல்லைன்னு சொன்னீங்களே."

 அவள் மாத்திரைகளை வரிசையாக வைத்து முடித்தாள். தண்ணீர் பாட்டிலை என் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள். அறையை விட்டு வெளியே போனாள். கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வராந்தாவில் நாற்காலி காலியாக இருந்தும் உட்காராமல், சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். ஒரு பக்கம் புருஷன், இன்னொரு பக்கம் கூடப் பிறந்த தம்பி. அவளையும் அவனையும் நான் ஒருவனே ஏமாற்றியிருக்கிறேன்.

அன்று வரை எனக்கு இருந்தது என் உயிரைப் பற்றிய பயம். அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு வந்த பயம் வேறு. தாமஸுக்கு மூன்று பெண் பிள்ளைகள். பட்டறையில் அவன் தனியாக நிற்கும்போது அவனுக்குத் தாடை வலித்தால், வண்டி எடுத்து வர யார் இருப்பார்கள்? வாடிப்பட்டியிலிருந்து மதுரை வந்து சேர்வதற்குள் என்ன ஆகும்? கண்ணை மூடினால் திரையில் பார்த்த அந்த வெட்டுப்பட்ட வேர்தான் தெரிந்தது. அது அவனுடையதாகத் தெரிந்தது.

மறுநாள் காலை டாக்டர் வந்ததும், அவர் ஸ்டெதஸ்கோப்பை எடுப்பதற்குள் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய ரிப்போர்ட், பொய், குழு, தாமஸ். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"சொன்னதுக்கு நன்றி" என்றார். "சார், ஒங்க அப்பா ஐம்பத்திரண்டு வயசுலயே போயிட்டாரு. ஒங்க ஒடம்புல ஏற்கெனவே ஒரு ஆபத்து இருந்திருக்கு. எடை கொறைச்சது நல்ல காரியம். அதுல சந்தேகமே இல்ல. ஆனா சில பேருக்கு இந்தச் சாப்பாட்டுல எடை எறங்கும், எல்.டி.எல். ஏறும். ஏறுனது தெரிஞ்சும் நீங்க கண்ண மூடிக்கிட்டதுதான் தப்பு. சாப்பாட்டால மட்டும் வந்துச்சுன்னும் சொல்ல முடியாது, சாப்பாட்டுக்குச் சம்பந்தமே இல்லைன்னும் சொல்ல முடியாது. ஒங்க மச்சினனக் கூட்டிட்டு வாங்க. இன்னிக்கே."

தாமஸ் அன்று என்னை வீட்டுக்கு அழைத்துப் போகத்தான் காரைக் கொண்டுவந்திருந்தான். டிஸ்சார்ஜ் தாள்கள் கைக்கு வந்தன. என்னைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து வாசல் வரைக்கும் தள்ளி வந்தார்கள். அவன் கார்க் கதவைத் திறந்தான்.

"மாப்ள, டாக்டரம்மா ஒன்னையப் பாக்கணும்னு சொல்றாங்க. ஒரு ஈ.சி.ஜி., எக்கோ ஸ்கேன், அப்புறம் மிஷின்ல ஏறி ஓடுற டெஸ்ட். ஒரு மணி நேர வேலை."

"எனக்கு என்ன மச்சான்? ஒரு நாளைக்கு எம்புட்டுக் கட்டு தூக்குறேன் தெரியுமா? ஒங்களுக்கு வந்தது டென்ஷனால. ஏறுங்க."

"நீ அந்த மிஷின்ல ஏறுனாத்தான் நான் கார்ல ஏறுவேன்."

பின்னால் ஒரு ஆம்புலன்ஸ் வந்து நின்றது. காவலாளி விசில் ஊதினார். தாமஸ் காரை ஓரமாக எடுத்து நிறுத்திவிட்டு வேகமாகத் திரும்பி வந்தான். முகம் சிவந்திருந்தது. என்னிடம் குரல் உயர்த்தியே பேசாதவன் அன்று உயர்த்தினான்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சோறு வெஷம்னு சொன்னீங்க. எம்பிள்ளைக பொங்கல் அன்னிக்குப் பொங்கல் திங்கயில நான் ஒதுங்கி ஒக்காந்து முட்டை தின்னேன். இப்ப முட்டை வெஷமா? எதத்தான் நம்புறது?"

"என்னைய நம்பாத மாப்ள" என்றேன். "என்னைய நம்புனது போதும். ஒனக்கு நான் அனுப்புனது பொய்யி. எனக்கே பயமா இருந்துச்சு. பயத்த மறைக்கத்தான் ஒனக்குத் தைரியம் சொன்னேன்."

பக்கத்தில் பைகளோடு நின்ற ஸ்டெல்லா தம்பியின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குள் இட்டுப்போவது போல அவனை உள்ளே இட்டுப்போனாள்.

நான் வரவேற்பு அறையில் சக்கர நாற்காலியிலேயே இருந்தேன். மதுரையின் எந்த மருத்துவமனை வரவேற்பு அறையும் அப்படித்தான், ஒரு ரயில் நிலையம் போல. யாரோ டிபன் கேரியரைத் திறந்து சாப்பிட்டார்கள். ஒரு பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உதடு அசைய ஓதிக்கொண்டிருந்தார். நான் ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். ஆனால் எண்ணிக்கை தப்பிக்கொண்டே இருந்தது. ஈ.சி.ஜி. முடிந்தது என்று ஒரு நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். பிறகு முக்கால் மணி நேரம் ஒரு செய்தியும் இல்லை. என் ஈ.சி.ஜி.யைப் பார்த்த டாக்டர் ஓடியது ஞாபகம் வந்தது. யாராவது ஓடுகிறார்களா என்று வராந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் ஓடவில்லை.

கடைசியில் தாமஸ்தான் வந்தான், வியர்த்து விறுவிறுத்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. பின்னால் ஸ்டெல்லா. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது.

"முழுசா ஓடிட்டேன் மச்சான்" என்றான். "இன்னிக்கு ஆபத்து ஒண்ணும் இல்லையாம். ஆனா இந்த நம்பர வச்சுக்கிட்டுப் பத்து வருஷம் ஓட முடியாதுன்னுட்டாங்க அந்தம்மா. மாத்திரை எழுதியிருக்காங்க." கொஞ்சம் நிறுத்தி, "பருப்பு சாப்பிடச் சொல்லியிருக்காங்க" என்றான். சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. இரண்டு வருஷமாகப் பருப்புக்கு எம்புட்டு ஏங்கியிருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஞானஒளிவுபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று இரவே குழுவில் எழுதினேன். என் இரண்டு ரிப்போர்ட்டுகளையும் படம் பிடித்துப் போட்டேன். பள்ளி அலமாரியில் இருந்த பழையதைக் கணக்கு டீச்சர் எடுத்து வந்து கொடுத்திருந்தார். "நான் மறைத்தேன். எல்லோரும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். டாக்டரிடம் காட்டுங்கள், எனக்கு அனுப்பாதீர்கள்" என்று எழுதினேன். மறுநாள் காலைக்குள் பத்தொன்பது பேர் குழுவை விட்டுப் போயிருந்தார்கள். ஒருவர், மருந்துக் கம்பெனியிடம் விலைபோய்விட்டேன் என்றார். பலர் பதிலே எழுதவில்லை. ஒரு வாரம் கழித்து, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய் போன் செய்தார். அவருக்கும் அளவு கூடியிருந்ததாம், சிகிச்சை தொடங்கிவிட்டாராம். "சொன்னீங்களே சார், அது போதும்" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள்.

சாப்பாட்டை ஒரே நாளில் மாற்றவில்லை. முத்துலட்சுமி அப்படிச் செய்யக்கூடாது என்று எச்சரித்திருந்தார். முதல் வாரம் பாசிப்பயறு, கீரை. அடுத்து கொய்யா, அவரைக்காய். பிறகு தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, அவர் ஊர்ப்பக்கம் விளைகிற குதிரைவாலிச் சோறு. மத்தியானம் மீன் அல்லது தோல் உரித்த கோழி. வாரத்தில் இரண்டு மூன்று முட்டை சாப்பிடலாம். ஆட்டுக்கறி மாதத்துக்கு ஒரு முறை. பழைய சோறும் மோரும் நல்ல பாக்டீரியாவுக்கு உகந்தவை என்றார். நான் ஆர்வமாக நோட்டில் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "சார், பழைய சோறு மாரடைப்பக் குணமாக்கும்னு அடுத்த குரூப் ஆரம்பிச்சிராதீங்க. மாத்திரைய நிறுத்துனா நான் பொறுப்பில்ல" என்றார்.

ஸ்டெல்லா அத்தனையும் நேரம் தவறாமல் செய்து வைத்தாள். மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். என்னோடு நடக்கவும் வந்தாள். ஆனால் அவளாக ஒரு பேச்சு எடுப்பதில்லை. நான் கேட்டால் பதில், அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றாள். அது சரியில்லை என்று எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷத்தில் நான் அவளிடம் மறைத்தது அது ஒன்றுதான். அந்த ஒன்று அவள் தம்பியையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகப் பார்த்ததே.

மூன்று மாதம் கழித்து நானும் தாமஸும் சேர்ந்தே பரிசோதனைக்குப் போனோம். எனக்கு எல்.டி.எல். அறுபத்திரண்டு. அவனுக்குத் தொண்ணூற்றொன்று. எக்கோவில் என் இதயத் தசை நன்றாகச் சுருங்கி விரிகிறது என்றார் டாக்டர். எக்கோ என்பது கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற ஸ்கேன் போலத்தான், இதயத்துக்கு எடுப்பது. "மாத்திரை பாதி, நீங்க பாதி. ரெண்டும் நல்லா வேலை செஞ்சிருக்கு. ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று எழுந்து நின்று கைகொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாமஸ் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்தான். ஸ்டெல்லா குதிரைவாலிச் சோறு, மொச்சைப்பயறு போட்ட கத்திரிக்காய்க் குழம்பு, முருங்கைக்கீரை, வஞ்சிர மீன் எல்லாம் செய்திருந்தாள். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். ஸ்டெல்லா கண்ணை மூடி ஜெபம் சொன்னாள். உணவுக்காக நன்றி சொன்னாள். பிறகு, "இந்த ரெண்டு பேரையும் எங்களுக்குத் திரும்பத் தந்ததற்காக..." என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். வீட்டில் சத்தமே இல்லை.

அந்த அமைதியில் என் வயிறு ஒரு நீண்ட, கேள்வி கேட்பது போன்ற சத்தம் எழுப்பியது. இந்த மூன்று மாதப் பயறு செய்த வேலை. அது முடிந்த கையோடு எதிரே உட்கார்ந்திருந்த தாமஸின் வயிறு, என்னுடையதைவிடச் சத்தமாக, பதில் சொன்னது.

யாரும் கண்ணைத் திறக்கவில்லை. தாமஸின் கடைக்குட்டி மட்டும் "அப்பா!" என்றாள்.

ஸ்டெல்லாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று பயந்து கண்ணைத் திறந்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. என் முழங்காலில் கை ஊன்றி, என் பக்கமாகச் சாய்ந்து, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். "ஆமென்" என்று சொல்ல வாயெடுத்து, மறுபடி சிரித்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். தாமஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. அவள் சிரித்து முடிக்கும்வரை நாங்கள் யாரும் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.